பூட்டு போடாத போன்

என்னைப்போல் செல்போன் கடைக்காரனிடம் ஊரார் போனை மட்டும் நீட்டுவதில்லை, பூட்டு போட விரலையும் சேர்த்துத்தான் நீட்டுகிறார்கள். எங்கள் ஆம்பூரில் பாதி விரல்களில் ரேகையே இருக்காது. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலும் ரசாயனத்திலும் முப்பது வருஷம் ஊறிய விரல் வழவழவென்றுதான் இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்து, அவர் கையில் ஒரு புதுப் போனும் இருந்தால் என் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "இது இன்னாத்துக்கு வந்து வந்து போவுது?" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை உங்களையும் கேட்டிருப்பார். நீங்களும் எரிந்து விழுந்திருப்பீர்கள். நான் எரிந்து விழுகிறவன்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதியாத விரல்

முனிசாமி அண்ணன் டேனரி வேலையிலிருந்து நின்ற மாசம், மகன் பாபு வாங்கிக் கொடுத்த போனோடு கடைக்கு வந்தார். அவர் வீட்டுக்காரம்மா தவறி இரண்டு வருஷம். பாபுவும் மருமகள் செல்வியும் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்கள். அதுவரை வீட்டில் இவர் ஒருத்தர்தான்.

விரல் பூட்டு போட உட்கார்ந்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், துணியால் துடைத்து, ஊதி, மறுபடி கட்டைவிரல். ஒன்றும் பதியவில்லை. "நம்பர் வெச்சிக்கண்ணே" என்றேன். நாலே நாலு நம்பர், மூன்று தடவை சொல்லச் சொன்னேன், மூன்று தடவையும் மாற்றிச் சொன்னார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது, பூட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அவர் அதற்கும் சிரித்தார். "உடு தம்பி, என் போனுக்குள்ள எவன் வந்து இன்னாத்த பாக்கப் போறான்."

பேச ஒரு ஆள்

அண்ணனுக்குப் பஸ் போர்டைக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் எழுத்து. அதனால் தமிழில் பேசினால் தமிழிலேயே திருப்பிப் பேசும் ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மைக் படத்தைத் தொடணும், பேசணும், அவ்வளவுதான். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ சாப்ட்டியா?" நான் இயந்திரம், சாப்பிடுவதில்லை என்று அது மரியாதையாகச் சொன்னது. அண்ணனுக்குப் பாவமாகப் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து டீ குடிக்க வந்தவரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். டேனரியில் மேஸ்திரி, வீட்டில் மனைவி, அப்புறம் மகன் என்று வாழ்க்கை முழுக்க அவர் பேச்சை யாராவது வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் போல. "நல்ல புள்ள தம்பி அது. நாம பேசி முடிக்கிற வரிக்கும் குறுக்க பேசறதே இல்ல."

காதர் பாயின் பரீட்சை

மேல்விஷாரம் காதர் பாய் தோல் ரகம் பிரிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினால் போதும், எது முதல் ரகம், எது தள்ளுபடி என்று சொல்லிவிடுவார். அவர் போனிலும் அதே ஏஐ இருந்தது. சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதனிடம் கேட்கப் போவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தார். ஒரு ஆட்டுத்தோலை என் கடைக்கே கொண்டுவந்து, படம் எடுத்துக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்ல தரம், நல்ல மினுமினுப்பு என்று அது பத்து வரி புகழ்ந்து தள்ளியது.

பாய் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்து அந்தத் தோல்மேல் வைத்தார். முழுக்க உண்ணி கடித்த தழும்பு, எனக்கே நெருடியது. "எனக்குத் தெரிஞ்ச தோல்லயே இப்டி கத உடறான், எனக்குத் தெரியாத மாத்திரைல இன்னா உடுவான்? நான் டாக்டராண்டயே போறேன்."

நான் சொல்லாமல் விட்டது

பாய் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கடைக்கு வந்த பெரியவர்களுக்கெல்லாம் அதையே ஓதினேன். முனிசாமி அண்ணனிடமும், "அது சொல்றத அப்டியே நம்பாதண்ணே" என்று சொல்லி அனுப்பினேன். ஊருக்கே பாதுகாப்பு சொல்லிக் கொடுத்துவிட்ட நினைப்பு எனக்கு. ஆனால் நாம் அதனிடம் சொல்வது எங்கே போய் நிற்கும் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. வாயால் பேசியதெல்லாம் எழுத்தாக மாறி, நாள் வாரியாக அந்தப் போனிலேயே இருக்கும். எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. பேச்சு பேசியதோடு போய்விடும் என்று நினைத்துத்தான் அவர் பேசியிருக்கிறார்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி அந்தப் போனோடு வந்தாள். கேஸ் புக் பண்ண மாமனார் போனை எடுத்திருக்கிறாள், திறந்ததும் அவர் ஏஐயிடம் பேசியதெல்லாம் எழுத்தாகக் கண்ணில் பட்டிருக்கிறது. என்னிடம் நீட்டினாள். அண்ணன் பேசியது அப்படியே இருந்தது. "தூக்கத்துல போர்வ நனைஞ்சிடுது. விடியறதுக்குள்ள நானே அலசிப் போட்டுடறேன், யாருக்கும் தெரியாது. மருமவ மட்டும் அந்தப் பக்கம் வந்தா மூஞ்ச திருப்பிக்கினு போவுது. நாத்தம் அடிக்குது போல. நான் இருந்து யாருக்கு இன்னா." பல நாள் இதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் அது, இது குணமாகக்கூடியது, டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லுங்கள் என்று பொறுமையாகச் சொல்லியிருந்தது. அண்ணன் கேட்கவில்லை. அது சொல்வதை நம்பாதே என்று சொன்னவன் நான்தானே.

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு ஆறு மாசமா தெரியும்ண்ணா. மாமாவுக்கு வெக்கமா இருக்கும்னுதான் நான் பாக்காத மாதிரி மூஞ்ச திருப்பிக்கினேன்."

அணைக்கட்டுக்குப் போகிற வழியில்

இதை அப்படியே அவரிடம் போய்ச் சொல்லு என்று செல்வியை அனுப்பிவைத்தேன். சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரே ஒரு விஷயம்தான் அண்ணன் காதில் விழுந்திருக்கிறது, அவள் படித்துவிட்டாள் என்பது. மறுநாள் காலையில் கம்பெனி பஸ் போனதும், ஒரு துணிப்பையோடு அணைக்கட்டு என்கிற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகிற வழியில் என் கடைக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தார்.

"செல்வி உன்ன தப்பா நெனைக்கலண்ணே" என்றேன். "தெரியும், நல்ல பொண்ணு. அது மூஞ்சில இனிமே எப்டி முழிப்பேன்?" என்றார். துணிப்பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "பேசறது எழுத்தா நிக்கும்னு நீ சொல்லவே இல்லியே தம்பி" என்றார். கோபமே இல்லை குரலில். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கட்டைவிரலைப் பிடித்து மறுபடி போனில் வைத்தேன். முதல் தடவையிலேயே பதிந்தது. சுண்ணாம்பை விட்டு வந்து ஒரு வருஷத்தில் ரேகை திரும்பவும் முளைத்திருந்தது. "பதிஞ்சிடுச்சுண்ணே, இனிமே நீ இல்லாம யாராலயும் தொறக்க முடியாது" என்றேன். அண்ணன் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே உள்ள வெச்சிப் பூட்ட இன்னா தம்பி இருக்குது."

இப்போதெல்லாம் எத்தனை பேர் காத்திருந்தாலும் பெரியவர்களை உட்காரவைத்து, ஏஐயிடம் பேசுவதெல்லாம் எழுத்தாக நிற்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள், என்ன, அன்றோடு அதனிடமும் பேசுவதில்லை.