ரொட்டியின் நகம்

டயகமவுக்கு மேலே, மேகம் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைகிற ஒரு தேயிலைத் தோட்ட டிவிசனில், வேலாயிக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்ள வேண்டும். கூரைக் கம்பிலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது அழும். கூடையோடு சரிவில் உருண்டு இடுப்பு பிசகிய பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை இது. உட்கார்ந்து சாப்பிடுகிற வேலை என்று லயத்து வரிசை வீடுகளில் சிலர் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தியாவது ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

பேச்சுத் துணைக்கு அங்கே ரொட்டி மட்டும்தான். ரொட்டி என்பது பூனை. கோதுமை நிற உடம்பில் அங்கங்கே கல்லில் கருகினாற்போல் கரும்புள்ளிகள் இருந்ததால் அந்தப் பெயர். குழந்தைகளின் வாயோரத்துப் பாலுக்கு எலி வரும். பிஞ்சுக் கால்விரலைக் கடித்த எலியும் உண்டு. ரொட்டி வந்த பிறகு எலிகள் கூரையோடு நின்றுகொண்டன.

தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமை பறிபோன அடுத்த வருஷம் ரொட்டிக்கு முதுமை வந்தது, அதுவும் நகத்தில் வந்தது. முன்னங்கால் நகங்கள் உள்ளே போக மறுத்தன. தடித்து, கொக்கிபோல் வளைந்து, ஒன்று உள்ளங்காலையே தொட்டது. சாக்கில் படுத்து எழுந்தால் சாக்கும் கூடவே எழுந்து வரும். வேலாயி ஓடிப்போய்ப் பாதத்தை மெல்ல அமுக்கி, நூல் நூலாக விடுவிப்பாள். ரொட்டி காலை அவளிடம் கொடுத்துவிட்டு, வளையல் போட்டுக்கொள்ளும் கல்யாணப் பெண்ணைப்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு காலை எலி ஒன்றைத் துரத்திப் பாய்ந்தபோது, நகம் மீனம்மாவின் குழந்தை படுத்திருந்த தொட்டிலில் மாட்டிக்கொண்டது. சேலையில் தொங்கியபடி அது உதறியதில் மற்றக் காலின் நகம் குழந்தையின் கன்னத்தில் கோடு இழுத்தது. பால் கொடுக்க வந்த மீனம்மா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"கண்ணுல பட்டிருந்தா என்னக்கா செஞ்சிருப்பீங்க?"

வேலாயி குழந்தையின் கன்னத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். மத்தியானமே, டிவிசனை மேற்பார்க்கிற கண்டாக்கு சிவசாமி வந்து நின்றார்.

"வேலாயி, ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த நகம் இருக்கக் கூடாது. இல்லாட்டி பூன இருக்கக் கூடாது. தொரை காதுக்குப் போச்சுன்னா சாக்குல போட்டு ஆத்துல விடச் சொல்லுவாரு."

"சரிங்கய்யா, வெட்டிர்றேங்க," என்றாள். எப்படி வெட்டுவது என்று அவளுக்குத் தெரியாது. ஆற்றுச் சாக்கு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

வீட்டில் கேட்க ஆள் இருந்தது. அவள் புருஷன் சோலைமலை அந்த டிவிசனிலேயே பேர்போன கவ்வாத்துக்காரன். கிழட்டுத் தேயிலையை, புதிதாகத் துளிர்க்கட்டும் என்று தரையோடு வெட்டி விடுவான். அவன் வெட்டிய செடி பட்டுப்போனதாகச் சரித்திரமே இல்லை. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அவள் வீட்டுக்குத் தூக்கிவந்த ரொட்டியின் காலைத் திருப்பிப் பார்த்தான்.

"கோணலா வளந்தத மேலால தட்டுனா மறுபடி கோணலாத்தான் வரும். எறக்கி வெட்டணும். அப்பத்தான் புதுசா, நேரா வரும்."

"இது செடியாங்க?"

"வளர்றதுதான? கவ்வாத்துக் கத்திக்கு எல்லாம் ஒண்ணுதான். நீ ஆடாம புடிச்சுக்க."

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளிடம் வேறு வழியும் இல்லை. ஞாயிறு காலை ரொட்டியைக் கம்பளியில் சுற்றி, விறகுக் கட்டைமேல் முன்னங்கால் ஒன்றை நீட்டிப் பிடித்தாள். ரொட்டி வழக்கம்போல் காலைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தது.

சோலைமலை கை தேர்ந்தவன். ஒரே வெட்டு, நகங்கள் அடியோடு போயின. நகத்தின் அடியில் உயிர் இருக்கும் என்று இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. கட்டையில் ரத்தத்தைக் கண்டதும் அவன் கத்தியைப் பின்னுக்கு இழுத்தான். ரொட்டி கத்திய கத்தலுக்கு அடுத்த லயத்துக் கதவுகள் திறந்தன. விட்டுவிடலாம் என்றுதான் வேலாயிக்கு இருந்தது. ஆனால் மற்றக் காலில் நகம் இருந்தால் கண்டாக்கு விட மாட்டாரே. பல்லைக் கடித்துக்கொண்டு அவளே அந்தக் காலையும் எடுத்து நீட்டினாள்.

மஞ்சள் பூசினாள், நக்கிவிட்டது. துணி கட்டினாள், கடித்துப் பிய்த்தது. தோட்டத்து மருந்துக்காரரிடம் போனாள், மனிதருக்கே மருந்து போதவில்லை என்று சிரித்து அனுப்பினார். ரொட்டி விறகுக்குப் பின்னால் போய்ப் படுத்தது. அழுகிற குழந்தை எதுவானாலும் தோளில் போட்டு அடக்கிவிடுகிறவள், அந்த இருட்டுக்குள் கையைக்கூட நீட்ட முடியாமல் குந்தியிருந்தாள். அன்றைக்கு அவள் தன் கைகளை வெறுத்தாள்.

அது சாகவில்லை. புண் ஆறி, நொண்டிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கே திரும்பி வந்தது. சிவசாமி குனிந்து பாதத்தைப் பார்த்து, "ம், இனி இருந்துட்டுப் போகட்டும்," என்றார். பெரிய மனது பண்ணிவிட்டார்.

எலிகளும் பார்த்திருக்க வேண்டும். கூரையிலிருந்து இறங்கத் தொடங்கின. ரொட்டி கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். இடுப்பு வலியோடு கம்பும் கையுமாகத் தொட்டில்களைச் சுற்றி வருவது இப்போது வேலாயியின் வேலை.

சோலைமலை அந்த மாதம் வெட்டிய மலை முழுக்கத் துளிர் விட்டது. வேலை முடிந்து வருகிற வழியில் வாசலில் நின்று, உள்ளே வராமலே கேட்பான்.

"நகம் வந்திருக்கா?"

"இல்லங்க."

வேறு ஒன்றும் கேட்க மாட்டான். போய்விடுவான்.

ஒரு நாள் மத்தியானம் ரொட்டி, பிள்ளைக்காம்பரா மூலையில் விறகு அடுக்கின் மேலிருந்த தன் பழைய சாக்குக்கு ஏறப் பார்த்தது. பாய்ந்து பற்றியது, வழுக்கியது. மறுபடி பாய்ந்தது, மல்லாக்க விழுந்தது. வேலாயி ஓடிப்போய்த் தூக்கிவிடக் கை நீட்டினாள்.

ரொட்டி ஓடவில்லை, சீறவும் இல்லை. இரண்டு முன்னங்கால்களையும் நெஞ்சுக்கு அடியில் இழுத்து ஒளித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று வேலாயிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தொங்கிய தொட்டிலைப் பிடித்து ஆட்டினாள். அதில் குழந்தை இல்லை.