ஆகட்டும் அண்ணன் அனுப்பிய லிங்க்

என் தையல் கடைக்கும் அவருடைய ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் யாரையாவது திட்டினால் அவருக்குக் கேட்கும். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பதால் நஷ்டம் அவருக்குத்தான். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்மா", "ஆகட்டும் சார்" என்பார். அதனால் தெருவில் அவருக்கு ஆகட்டும் அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முன்பெல்லாம் பிரிண்ட் எடுக்க வருபவர்கள் பென் டிரைவைக் கொண்டுவந்து சொருகுவார்கள். ஊரில் உள்ள வைரஸ் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் குடித்தனம் நடத்தியது. பிறகு அவரவர் மெயிலை அங்கேயே திறந்து எடுத்தார்கள், மூட மறந்து போனார்கள். ஒரு தாசில்தாரின் வீட்டுச் சண்டை முழுவதும் ஒருநாள் திரையில் விரிந்து கிடந்தது. இவர் பதறிப்போய் மானிட்டர் மேல் துண்டைப் போட்டு மூடினார். அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. தெருக்காரர்களின் அடையாள அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், சம்பளச் சீட்டு எல்லாம் அவர் பேத்தி படங்களுக்கு நடுவே அந்தப் போனில் கிடந்தன. பாதுகாப்பாக வைத்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. சீக்கிரம் கிடைத்தால் போதும் நமக்கு.

கேட்டது ஒரே ஒருத்திதான். முனையில் இருக்கும் மருந்துக் கடையில் பில் போடும் பெண். புருஷனிடம் அடிபட்டு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊரிலிருந்து ஓடி வந்தவள். அவள் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அவளுடைய வாழ்க்கையே.

"அண்ணே, என் நம்பர் யாரு போன்லயும் இருக்க வேண்டாம். வேற வழி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆகட்டும்மா" என்றார்.

அவளுக்காக உட்கார்ந்து படித்து, இன்டர்நெட்டில் ஒரு ஃபோல்டரைத் திறந்து, அதற்கு ஒரு லிங்க் உண்டாக்கினார். பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம், லிங்க்கைத் தொட்டால் ஃபைலைப் போட்டுவிடலாம். நல்ல யோசனையாக இருக்கிறதே என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் அதையே கொடுக்க ஆரம்பித்தார். லிங்க் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்று ஒரு இடத்தில் டிக் செய்திருந்தார்.

"ஒவ்வொருத்தருக்கும் அனுமதி குடுத்துட்டு உட்கார்ந்திருந்தா நான் எப்போ பிரிண்ட் எடுக்கிறது?" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டி என்னிடம் பெருமையாகச் சொன்னார். வேலை முடிந்த ஃபைலை அழிப்பதும் இல்லை. இன்னொரு காப்பி கேட்டு வந்தால் பாவம் அலையக் கூடாதாம். நல்ல மனசு செய்கிற அநியாயத்தை என்னவென்று சொல்ல!

அவளுடைய விவாகரத்து மனுவை அங்கேதான் டைப் அடித்தார்கள். அதில் விலாசம் வக்கீல் ஆபீஸ் விலாசம்தான். அவ்வளவு ஜாக்கிரதை அவளுக்கு. ஒருநாள் வக்கீலின் குமாஸ்தா போன் பண்ணி, எதிர்த்தரப்புக்கு ஒரு காப்பி அனுப்ப வேண்டும், மனுவை உடனே அனுப்புங்கள் என்றார். கடையில் கூட்டம் நெரிந்தது. இவர் மனுவைத் தனியாக எடுத்து அனுப்பாமல் லிங்க்கையே அனுப்பிவிட்டார். குமாஸ்தா அதை அப்படியே எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தள்ளினார். அவர் தன் கட்சிக்காரனுக்குத் தள்ளினார். இரண்டு பேரும் மனுவை மட்டும்தான் பார்த்தார்களாம். மூன்றாவதாகப் பார்த்தவன் புருஷன். அவன் மெனக்கெட்டு மற்றதையும் பார்த்தான். அவளுடைய வாடகை ஒப்பந்தம் அதில் இருந்தது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த விண்ணப்பமும் இருந்தது.

அந்த வாரமே ஒரு மத்தியானம் பள்ளிக்கூட வாசலிலிருந்து அவள் நேரே என் கடைக்குத்தான் ஓடி வந்தாள்.

"அக்கா, அவ இல்லக்கா. அப்பா வந்து கூட்டிட்டுப் போனாராம். அவருக்கு எப்படிக்கா தெரியும்?"

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். "பெத்த அப்பாதானேம்மா? குழந்தை உங்ககிட்டதான் இருக்கணும்னு கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்று கேட்டார்கள். ஆர்டர் இன்னும் வரவில்லை. அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தால் வீடு காலி. போன் அணைந்திருந்தது. இவள் ஒளிந்த மாதிரியே அவனும் ஒளிந்துகொண்டான், குழந்தையோடு.

மறுநாள் அவளுடைய வக்கீலம்மா ஜெராக்ஸ் கடைக்கு வந்து தன் போனில் லிங்க்கைத் திறந்து காட்டினார். தெருவே அதற்குள் இருந்தது. என் கர்ப்பப்பை ஆபரேஷன் ரிப்போர்ட்டும் இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது, வாய்க்கு வந்தபடி கத்தினேன். வக்கீலம்மா நகர்ந்ததும் ஆகட்டும் அண்ணன் உட்கார்ந்து மொத்த ஃபோல்டரையும் அழித்தார். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தார். தப்பைச் சரிசெய்கிறாராம்.

சாயங்காலம் திரும்பி வந்த வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அது அப்படியே இருந்திருந்தா, விலாசம் எப்படிப் போச்சுன்னு ஜட்ஜுக்குக் காட்டியிருக்கலாம். எதிர்க்கட்சி வக்கீலையும் பிடிச்சிருக்கலாம். சாட்சியையே அழிச்சிட்டீங்களே! அவன் இறக்கி வச்சிருக்கிறது அவன்கிட்ட பத்திரமாத்தானே இருக்கும்?"

விஷயம் பரவி ஆளாளுக்குப் புகார் கொடுத்தார்கள். அடுத்தவர் காகிதத்தை அனுமதி இல்லாமல் வெளியே விட்டது குற்றம், அதை அழித்தது இன்னொரு குற்றம் என்று போலீஸ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனது. "தெரியாம நடந்துபோச்சு சார்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் ஆறுதல் சொல்லவில்லை. அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது, அழுகையாகவும் வந்தது.

நேற்று அவள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பாதி இறக்கிய ஷட்டருக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று கும்பிட்டார்.

"என்னை என்ன வேணா சொல்லும்மா. உனக்கு யாருக்கும் தெரியாத இடமா வேற வீடு பார்த்துத் தரேன். நானே சாமானைத் தூக்கி வைக்கிறேன்."

"வேண்டாம்ண்ணே. நான் எங்கேயும் போகப் போறதில்ல."

"அவன் திரும்ப வந்தா?"

"வரட்டும். எம் பொண்ணு எங்க இருக்கான்னு அவனுக்குத்தானே தெரியும்?"

அவள் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம் பேரு, விலாசம், வேலை செய்ற கடை, எல்லாத்தையும் இன்டர்நெட்ல போடுங்க. யாரு வேணா திறந்து பாக்கிற மாதிரி போடுங்க. அவ எழுத்துக் கூட்டிப் படிப்பா. என்னிக்காவது யார் போனாவது அவ கையில கிடைக்கும். அம்மாவைத் தேடுவா இல்ல?"