விஞ்ஞானக் கட்டடத்தில் அம்மா பார்த்தது

வெள்ளவத்தையில் அம்மா படித்த கல்லூரியின் பழைய விஞ்ஞானக் கட்டடம் இப்போது இல்லை. கீழே பௌதிகவியல், மேலே இரசாயனவியல் என்று இரண்டே தளம். அது நின்ற இடத்தில் ஐந்து மாடி எழும்பிவிட்டது. இடிப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, பழைய மாணவிகள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஏழு வயது.

மற்றவர்கள் முற்றத்தில் நின்று படம் எடுத்தார்கள். அம்மா நேரே மேலே ஏறி, கடல் பக்கத்து யன்னலோர மேசையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பதினேழு வயதில் அந்த மேசையில் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோதுதான், நகரத்தில் கலவரம் என்று அம்மப்பா வாசலில் வந்து நின்றாராம். சோதனைக்குழாயை ஆறவைத்தபடியே, முடிவைப் பார்க்காமலே விட்டுப் போன அம்மா, யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். படிப்பு அதோடு நின்றது.

ஆய்வுகூடத்தில் ஒரு வயதான ஊழியர் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் சிங்களத்தில் கெஞ்சினார். முதலில் மாட்டேன் என்றவர், பிறகு இரண்டு போத்தல்களையும் ஒரு ஸ்பிரிட் விளக்கையும் எடுத்துத் தந்தார்.

அம்மா இரண்டு திரவங்களையும் ஒரு சோதனைக்குழாயில் கலந்தார். பளிச்சென்று மஞ்சள் திரண்டது. சூடாக்கச் சூடாக்க மஞ்சள் கரைந்து, வெறும் தண்ணீர் போலாயிற்று. குழாயைத் தாங்கியில் ஆறவைத்தார். அந்த நேரம் பார்த்து, அவருடைய பழைய ரீச்சர் கீழேயிருந்து கூப்பிட்டார்.

"இதிலயே நில்லுங்கோ. இப்ப வாறன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போனார்.

மஞ்சள் போய்விட்டது, அலுவல் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். வீட்டில் கோப்பை கழுவி வைத்தால் அம்மா கொஞ்சுவார். குழாயில் இருந்ததைத் தொட்டியில் ஊற்றி, மூன்று தரம் அலசிக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அம்மா, நான் கழுவி வைச்சிட்டன்!"

அவர் குழாயைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். ஊழியர் அதற்குள் அந்தப் போத்தல்களையும் உள்ளே வைத்து அதைக் கட்டி முடித்திருந்தார். ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று மட்டும் விளங்கி, என் உதடு பிதுங்கத் தொடங்கியது. அம்மா குந்தியிருந்து என் ஈரக் கைகளைத் தன் சேலையில் துடைத்தார்.

"அழாதேங்கோ. நீங்கள் ஊத்த முதலே விழுந்திட்டுது. நான் கதவடியில நிண்டு பாத்தனான்."

"என்ன விழுந்தது?"

"பொன். சின்னச் சின்னப் பொன் துகள். மேலயிருந்து மெதுமெதுவா, மினுங்கி மினுங்கி..."

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் அப்படியே சொன்னார், கையைச் சுழற்றிச் சுழற்றி, ஒரு துகளும் விடாமல்.

அன்று முழுவதும் நான் அம்மாவோடு கதைக்கவில்லை. அவ்வளவு வடிவான ஒன்றைத் தான் மட்டும் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லையே என்று எனக்குக் கோபம்.