என் தொண்டையும் எட்டாம் வகுப்பும்

போன செவ்வாய்க்கிழமை என் தொண்டை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. எட்டாம் வகுப்பில் "சைலன்ஸ்" என்று கத்தினேன்... 'சை' மட்டும் வந்தது. மிச்சம் வரவேயில்லை.

ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா வாய்க்குள் எட்டிப் பார்த்தார். இனியும் கத்தினால் குரல் திரும்பி வருவதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். குரல் இல்லாத வாத்தியாரை யார் வைத்திருப்பார்கள்? இந்தக் கடற்கரை ஊரில் பிழைக்க எனக்குக் கிழிந்த வலை பொத்தத் தெரியுமா, தோணி தள்ளத் தெரியுமா? உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது.

எட்டாம் வகுப்பு எப்படிப்பட்டது என்று கேட்கிறீர்களா? மேசை லாச்சிக்குள் நண்டு விடுவார்கள். ஒருவன் இருமினால் வகுப்பே இருமும். சுவரில் தொங்கும் இங்கிலாந்து மகாராசா ஒருவர்தான் அங்கே ஒழுங்காக இருப்பவர்.

எல்லாவற்றையும் பொறுத்தேன் — பட்டப்பெயரைத் தவிர. நான் வாசலுக்கு வந்தாலே "கச்சான் வருது" என்று ஒரு முணுமுணுப்பு. தோட்டக்கார ஊரில் பிறந்த எனக்குக் கச்சான் என்றால் வறுத்துத் தின்னும் நிலக்கடலை. நானோ கட்டை ஆள். கோபம் வராதா? அதற்காகவே தினமும் பாதிப் பாடவேளை கத்தித் தீர்த்தேன்.

புதன்கிழமை கத்த வழியில்லை. கரும்பலகையில் எழுதிக் கேட்டேன்: என்னை ஏன் கச்சான் என்கிறீர்கள்?

பேசாலையிலிருந்து வரும் சவிரிமுத்து எழுந்தான். நண்டு விட்டவன் அவன்தான்.

"தின்னுற கச்சான் இல்லை சேர். காத்துக் கச்சான்."

காற்றா! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பயல் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அது அடிச்சால் தோணிப் பாயை இறக்கிப்போட்டுச் சும்மா இருக்கோணும் சேர். கொஞ்ச நேரத்தில தானா விழுந்திடும்."

ஆக, நான் நரம்பு புடைக்கக் கத்திய நேரமெல்லாம் அவர்களுக்கு ஓய்வு நேரம்! சிரிப்பு வந்தது — சத்தம்தான் வரவில்லை. வாயைத் திறந்தபடி தோள் குலுங்க நின்ற என்னைப் பார்த்து, அழுகிறேன் என்றே நினைத்துவிட்டார்கள்.

"குரல் திரும்பி வராதோ சேர்?" என்று கொண்டச்சிக் காதர் மெதுவாகக் கேட்டான். தெரியாது என்று கையை விரித்தேன்.

வகுப்பு அடங்கிப்போயிற்று. பிறகு காதரே புத்தகத்தை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினான். அவன் தடுமாறிய இடத்தில் சவிரிமுத்து பிடித்துக்கொண்டான். யாரோ இருமப் போக, பக்கத்திலிருந்தவன் வாயைப் பொத்தினான். நான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த வகுப்பில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மனசு நிறைந்துவிட்டது.

வாத்திமார் நாங்கள் கத்துவது பிள்ளைகளை அடக்கவா... எங்கள் பயத்தை அடக்கவா?

குரல் நேற்றே திரும்பி வந்துவிட்டது. எட்டாம் வகுப்புக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.