மீன் அறைச் சாவி

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள்.

அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் என் சால்வையைச் செருகினேன்.

"இரும்பு குடுங்க, இரும்பு!" என்று கத்திய கடைக்கார அங்கிள், என் பையில் தொங்கிய சாவியை உருவி அவள் கையில் திணித்தார்.

"அதெல்லாம் வேணாம் அங்கிள், தானா நிக்கும்."

"நீ டாக்டரா மா?"

"இல்ல. லேப்ல மீன வச்சு வலிப்புக்கு மருந்து தேடுறோம்."

"மீனா!"

அதற்கப்புறம் என் பேச்சை யார் கேட்பார்கள்?

இரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றது. "பாத்தியா லா, சாவி வச்சதும் நின்னுருச்சு," என்றார் அங்கிள். கடையே தலையாட்டியது.

அந்தப் பெண்ணுடன் வந்திருந்த அவள் அக்கா மட்டும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. இப்ப என் மகனுக்கும் வருது. உங்க மருந்து எப்ப வரும்?"

பரம்பரை வலிப்பு உள்ளவர்களிடம் இருக்கும் மரபணுக் கோளாற்றை மீன்களிலும் உண்டாக்கி, அவற்றுக்கு வலிப்பு வரும்போது தண்ணீரில் ஒவ்வொரு மருந்தாகக் கலந்து பார்க்கிறோம். வருடக்கணக்காகப் பார்க்கிறோம்.

"தெரியலக்கா," என்றேன்.

கிளம்பும்போது அங்கிள் சாவியைத் திருப்பித் தந்தார். "ராசியான சாவி மா, பத்திரமா வச்சுக்க."

அது எங்கள் மீன் அறைச் சாவி.

வலிப்பு வந்தால் உங்கள் வீட்டில் கையில் என்ன கொடுப்பார்கள், சாவியா, கத்தியா? என் மீன்களுக்குக் கை மட்டும் இருந்திருந்தால், ஆளுக்கொரு சாவியைக் கொடுத்துவிட்டு நானும் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பேன்.