லேத் அக்கா கேட்டு வாங்கிய ஒரு பக்கம்

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. லேத் இயந்திரத்தில் இரும்பு கடையக் கற்றுத்தரும் கடைசல் பிரிவின் பயிற்றுநர். நான் அதே நிலையத்தில் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள். அவள் கோபத்தில் பாதி என் விசைப்பலகை வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவள் இங்கே மாணவி, பிரிவிலேயே முதல் மதிப்பெண். பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். தொழில் படித்தவர்களுக்கென்று அங்கே சில இடங்கள் உண்டு. சேர்க்கைப் பிரிவில் இருந்த எழுத்தர் அவள் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், 'கணித அடிப்படை போதாது' என்று எழுதி நீட்டினார். மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தலைமயிர் கனம் பிசகாமல் இரும்பைக் கடைபவளுக்குக் கணக்கு வராதாம். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஆள் படிப்படியாக ஏறி சேர்க்கை அதிகாரியானார். எங்கள் பிள்ளைகள் யார் போனாலும் அதே வரிதான். நாங்கள் அவருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்தோம். அக்கா அவரை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு, பட்டறை முடிந்ததும் மூன்று மாதக் கணித வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். ஒரு பிள்ளையாவது அவரைத் தாண்டி உள்ளே போக வேண்டும், அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பாள்.

வகுப்பில் சேர ஒரு நிபந்தனை உண்டு. பெற்றவர் அவள் எதிரில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளை ஏன் மேலே படிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தன் கையால் எழுதித் தர வேண்டும். வேலை கிடைத்தது, கல்யாணம் கூடிவந்தது என்று பாதியில் இழுத்துக்கொண்டு போக வருவார்களே, அப்போது அந்தத் தாளை எடுத்து முன்னால் வைப்பாள். வந்தவர் வந்த வழியே திரும்புவார். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். வகுப்பு முடிந்ததும் கல்லூரிக்கான விண்ணப்பங்களையும் அக்காவே அனுப்பி வைப்பாள்.

போன வருடம் அந்த நாற்காலியில் பூட்டே வந்து உட்கார்ந்தார். அவர் மகன் பள்ளிப் படிப்பில் சறுக்கி, எங்களிடம் குளிர்சாதனப் பிரிவில் சேர்ந்து நன்றாகத் தேறியிருந்தான். வேறொரு கல்லூரியில் சேர்க்க எண்ணம். அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தனை பேரைத் திருப்பி அனுப்பியவர் யாரை ஞாபகம் வைப்பார்? அக்கா பேனாவை நீட்டினாள்.

மனிதர் உருகி உருகி எழுதினார். 'இயந்திரத்தின் முன் நின்று கற்றவர்களுக்குக் கணிதம் கைவழியாகவே பழகிவிடுகிறது. அடிப்படை போதாது என்று அவர்களை மறுப்பது அநீதி.' கையெழுத்துப் போட்டவர், பழக்கதோஷத்தில் பையிலிருந்து முத்திரையை எடுத்து அதன் கீழே அழுத்தினார்: சேர்க்கை அதிகாரி. முப்பது வருடம் காகிதத்தோடு குடித்தனம் நடத்திய கை, கையெழுத்துக்குக் கீழே வெற்றிடத்தைப் பார்த்தால் சும்மா இருக்குமா? அக்கா அந்தத் தாளை மடிக்காமல் உறையில் போட்டு வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து, வகுப்பில் முதலாவதாக வந்த வெல்டிங் பிரிவுப் பெண் பூட்டின் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. விட்டால் இனி கிடையாது. பத்தாம் நாள் பதில் வந்தது: 'கணித அடிப்படை போதாது.' பாவம், தாளைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலிலேயே நின்றாள். அக்கா அதை வாங்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்து, மேல்முறையீடு ஒன்று அடிக்கச் சொன்னாள். கூடவே அந்த உறையையும் வைத்தாள். உள்ளே இருந்த தாளை இணைப்பாக வைத்து அப்போதே அடித்து முடித்தேன்.

சேர்க்கை முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேல்முறையீட்டுக் குழு கூடியது. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன், அதை மறைப்பானேன். பூட்டு தன் மறுப்பை நியாயப்படுத்தி நீட்டி முழக்கினார். குழுவின் தலைவரம்மா இணைப்புத் தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாக வாசித்தார். கீழே இருப்பது அவருடைய முத்திரைதானா என்று கேட்டார். பூட்டு குனிந்து முத்திரையைப் பார்த்தார். அது தன் மகனுக்காக எழுதியது என்று முனகினார்.

"அப்ப உங்க மகனுக்கு ஒரு நியாயம், இந்தப் பொண்ணுக்கு ஒரு நியாயமா?" என்றார் தலைவரம்மா.

கால் மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்து ஆணை வந்தது. அந்த வருடம் அவர் தள்ளிய விண்ணப்பங்களை எல்லாம் மறுபடி பார்க்கவும் உத்தரவிட்டார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

தாழ்வாரத்தில் பூட்டு எங்கள் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அம்மா, என் பையனோட விண்ணப்பம் உங்க கையிலதான் இருக்கு. என் மேல இருக்கிற கோவத்தை அதுல காட்டிடாதீங்க."

காட்டினால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அக்கா நின்று, இருபத்திரண்டு வருடத்துக் கண்களால் அவரை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள்.

"அது போன வாரமே போயிடுச்சு சார். நல்ல பையன், கணக்கு நல்லா வருது. அங்க உங்கள மாதிரி ஒருத்தர் உக்காந்திருக்கக் கூடாதுன்னு மட்டும் வேண்டிக்குங்க."