முதுகுக்குப் பின்னால் இருந்த டேங்க்

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து சரக்கை ஏற்றி காட்பாடி ஸ்டேஷனில் இறக்குவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே வண்டியில் பேரணாம்பட்டிலிருந்த என் அம்மா வீட்டுக்குப் போவோம். அவர் ஓட்டுவார், பக்கத்தில் நான், என் மடியில் எங்கள் இரண்டு வயது மகள்.

அந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் எங்கள் சீட்டுக்குப் பின்னால், முதுகை ஒட்டியே நின்றது. பிரேக் போட்டால் பெட்ரோல் தளும்புவது காதருகே கேட்கும். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றிய கை இது. அந்தச் சத்தம் கேட்டாலே குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

"இத கீழ மாத்த முடியாதாங்க?"

"இத்தினி வருஷமா ஒண்ணும் ஆவல. இப்ப இன்னா ஆவப்போவுது?"

ஒரு ஞாயிறு திரும்பி வரும்போது முதுகு சில்லென்றது. வியர்வை அப்படிக் குளிராது. கையைப் பின்னால் விட்டுத் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல். ரவிக்கையும் புடவையும் நனைந்து ஒட்டியிருந்தன. தலையைத் திருப்பினால், அவர் வாயில் பீடி. ஒரு கையால் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

தீப்பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசினேன். "வண்டிய நிறுத்துங்க!" என்று நான் போட்ட கூச்சலில் குழந்தை அழ ஆரம்பித்தது. குழந்தையோடு இறங்கி ஒரு புளியமரம் வரை ஓடினேன். பின்னாலேயே ஓடிவந்த அவர் என் புடவையைத் தொட்டுப் பார்த்தார். எங்களை பஸ் ஏற்றிவிட்டு, அவர் மட்டும் வண்டியோடு நின்றார்.

மறுநாளே அவருடைய தோஸ்த் ஒருவரிடம் வண்டி போயிற்று. தோல் ஷாப்புகளுக்கு வெல்டிங் வேலை செய்கிற பாய் அவர். டேங்கின் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. அதை அடைத்து, வண்டியின் பின்பக்கத்துக்கு அடியில், இரண்டு இரும்புப் பட்டைகளில் படுக்கவைத்துக் கட்டிவிடலாம் என்றார்.

"அதுல நெருப்பு வெச்சா வெடிக்காதா, பாய்?" என்று கேட்டேன்.

"கழுவாம வெச்சா வெடிக்கும், சிஸ்டர். தோல் ஷாப்புல பாய்லர் ஆவி விட்டு நல்லா கழுவப்போறேன். அப்புறம் தண்ணி ரொப்பித்தான் பத்தவெப்பேன். பேஜாராவாதீங்க."

பேஜாராகாமல் எப்படி இருப்பது? பற்றவைக்கிற அன்று எனக்குப் பகல் ட்யூட்டி. இவர் பாய்க்குக் கூடமாட இருக்கப் போயிருந்தார். வாசலில் ஜட்கா வந்து நின்றாலும், ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டாலும், கையிலிருப்பதை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். யாரோ பிரசவத்துக்கு வந்திருந்தார்கள். யாரோ கை உடைந்து வந்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும், அவர்கள் வலியைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது. அது தப்பென்று தெரிந்தும் வந்தது.

ட்யூட்டி முடியும் நேரத்துக்கு அவர் வார்டு வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் கிரீஸ். பல் மட்டும் வெள்ளை.

"முடிஞ்சிச்சிம்மா. ஒரு சொட்டு ஒழுவல."

அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில் நோயாளிதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

முதல் நாள் ஓட்டத்தில் வண்டி நடுவழியில் இருமி நின்றது. பெட்ரோல் குழாய் சைலன்சரை ஒட்டிப் போனதால் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது என்று பாய் கண்டுபிடித்து, குழாயை மறுபக்கமாகத் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு வண்டி மக்கர் பண்ணவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி பேரணாம்பட்டுக்குக் கிளம்பினோம். சீட்டுக்குப் பின்னால் காலியான இடத்தில் துணிப்பையும் குழந்தையின் பால் பாட்டிலும் இருந்தன. வண்டிக்குள் முதல்முறையாக வயற்காற்று வாசனை வந்தது. சாலையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"எனக்கும் எப்பவும் பயந்தான். சொன்னா நீ ஏற மாட்டேன்னுதான் சொல்லல."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாய்ந்து உட்கார்ந்தேன். என்னையறியாமல் கண் அசந்துவிட்டது. அம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றபிறகுதான் அவர் என்னை எழுப்பினார்.